ஒரு விரல், மூன்று வாக்கு

அயலூர் அன்பர் ஒருவர் ஆரியசாலைச் சந்திப்பில் நின்றுகொண்டு, "இஃது எக்கட்சிக்குரிய ஊர்?" என்று வினவுவாராயின், ஒரு சொல்லில் விடையிறுக்க நம்மால் இயலாது. "எந்தத் தேர்தலைக் கேட்கிறீர்?" என்று நாம் அவரைத் திருப்பிக் கேட்க நேரிடும். இது மழுப்பலன்று; உண்மை நிலையே அவ்வாறுதான் இருக்கிறது.

2019ஆம் ஆண்டு மே மாதத்தில் எண்ணப்பட்ட பாராளுமன்றத் தேர்தல் வாக்குகளில், திருவனந்தபுரம் தொகுதி காங்கிரஸ் வேட்பாளர் சசி தரூரை ஏறத்தாழ ஓர் இலட்சம் வாக்கு மிகுதியில் தில்லிக்கு அனுப்பியது. அடுத்த ஆண்டு டிசம்பரில் இதே நகரம் மாநகராட்சியை இடதுசாரி முன்னணியின் கையில் கொடுத்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டசபைத் தேர்தலில், இப்பாராளுமன்றத் தொகுதியில் அடங்கிய ஏழு சட்டசபைத் தொகுதிகளுள் ஆறு இடதுசாரி முன்னணிக்குச் சென்றன. கோவளம் ஒன்றே காங்கிரசுக்கு எஞ்சியது. 2024 ஜூனில் மீண்டும் தரூரே வென்றார். இம்முறை மிகுதி 16,077 வாக்குகள்தாம். 2025 டிசம்பரில் மாநகராட்சித் தேர்தல் வந்தது. 101 வார்டுகளில் 50ஐப் பாரதிய ஜனதாக் கட்சியின் கூட்டணி பெற்றது. ஆக, ஆறரை ஆண்டுக் காலத்துள் மூன்று அணிகளுக்கும் இவ்வூர் மாலையிட்டுவிட்டது.

இதனைக் கண்டு, "திருவனந்தபுரத்தார் மனம் நிலையற்றது" என்று சிலர் முடிவு கட்டிவிடுகின்றனர். நாம் அம்முடிவை ஒப்புவதற்கில்லை. முதலாவது, இங்கே நடப்பது மும்முனைப் போட்டி. மூவர் வாக்கைப் பங்கிடும்பொழுது நூற்றில் ஐந்து பேர் இடம் மாறினாலும் வெற்றி இடம் மாறிவிடும். பெரும்பாலோர் எங்கு நின்றார்களோ அங்கேயே நிற்கின்றனர். ஆராய்ச்சிக்குரியவர்கள் மாறுகின்ற அந்தச் சிலரே. அவர்கள் ஏன் மாறுகிறார்கள், மாறியவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்பதே இம்மாதம் நாம் எடுத்துக்கொண்ட பொருள். நம் சங்கத்துக்குக் கட்சியில்லை என்பதை வாசக அன்பர்கள் அறிவார்கள். ஆதலால் எவருக்கு வாக்களிப்பது என்ற பேச்சு இப்பகுதியில் இராது.

வட்டியூர்க்காவில் நடந்ததை எடுத்துக்கொள்வோம். 2019 மே மாதத்துப் பாராளுமன்றத் தேர்தலில் அச்சட்டசபைப் பகுதியில் இடதுசாரி வேட்பாளர் மூன்றாம் இடத்தில் நின்றார். அங்குச் சட்டசபை உறுப்பினராயிருந்த முரளீதரன் வடகரையிலிருந்து பாராளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டமையால், அதே ஆண்டு அக்டோபரில் இடைத்தேர்தல் வந்தது. அதே முன்னணி, அன்று நகர மேயராயிருந்த வி. கே. பிரசாந்தை நிறுத்தி, 14,000க்கு மேற்பட்ட வாக்கு மிகுதியில் வென்றது. ஐந்து மாதத்தில் மூன்றாம் இடத்திலிருந்து முதலிடம்! வீடு மாறியவர்கள், புதிதாக வயது வந்தவர்கள் என்ற கணக்கெல்லாம் இதற்குக் காரணமாகமாட்டா. மே மாதத்தில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. அக்டோபரில் கேட்கப்பட்ட கேள்வி வேறு. முன்னதில், தில்லியில் எவர் ஆளவேண்டும், எவரை ஆளவிடக் கூடாது என்று கேட்கப்பட்டது. பின்னதில், நம் கண்முன் நடமாடிய மேயரை நமக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கப்பட்டது. விடை வேறாயிருந்ததில் வியப்பென்ன?

கேரளம் முழுவதற்கும் இக்கணக்குப் பொருந்தும். 2019இல் பாராளுமன்றத்துக்குரிய 20 இடங்களில் 19 ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு. 2021இல் சட்டசபையின் 140 இடங்களில் 99 இடதுசாரி முன்னணிக்கு. 2024இல் மீண்டும் 20இல் 18 ஐக்கிய ஜனநாயக முன்னணிக்கு. இடதுசாரி மனமுடைய ஒருவரது உள்ளத்தில் நாம் புகுந்து பார்ப்போம். சட்டசபைக்கு அவர் தம் கட்சிக்கே வாக்களிக்கிறார். அக்கட்சி இங்கே ஆட்சி அமைக்கவல்லது. பாராளுமன்றமென்றால் அவருக்கு ஒரு தயக்கம் தோன்றுகிறது. மத்திய ஆட்சியை மாற்றவேண்டுமென்று அவர் விரும்பினால், அதற்குரிய பலம் எக்கட்சிக்கு உண்டு என்று எண்ணுகிறார். இங்கே காங்கிரசுக்கு எதிராக நிற்கும் அவர், அங்கே காங்கிரசைத் துணையாகக் கொள்கிறார். இதை முரண்பாடு என்று கட்சிக்காரர் கூறலாம். குடும்பத் தலைவர் எவரும் கூறமாட்டார். மளிகைக்கு ஒரு கடை, துணிக்கு ஒரு கடை என்று போகின்ற சாலைக் கடைவீதியார்க்கு இது புரியாததா?

2019இல் வேறு காரணங்களும் சேர்ந்திருந்தன. காங்கிரஸ் தலைவர் ராகுல் காந்தி வயநாட்டில் நின்றமை, கேரளத்திலிருந்தே ஒரு பிரதம மந்திரி வரலாமென்ற நம்பிக்கையைத் தூண்டிற்று. 2018 செப்டம்பரில் சபரிமலை வழக்கில் வெளியான தீர்ப்பும், அதனை மாநில அரசு நிறைவேற்ற முற்பட்ட முறையும் பலரைச் சினங்கொள்ளச் செய்திருந்தன. மாநில அரசின் மீதுள்ள சினத்தை மத்தியத் தேர்தலில் காட்டுவது எங்கும் வழக்கந்தான். இதனைப் பற்றிப் பின்னர்க் கூறுவோம்.

தமிழ்நாட்டில் நம் உறவினர்கள் இவ்வித்தையில் நமக்கு முன்னோடிகள். 1980 ஜனவரியில் நடந்த பாராளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 இடங்களுள் 37ஐத் தி.மு.க. - இந்திரா காங்கிரஸ் கூட்டணி பெற்றது; முதலமைச்சராயிருந்த எம்.ஜி.ஆரின் கட்சிக்குக் கிட்டியவை இரண்டே இரண்டு. "மக்கள் அவரைக் கைவிட்டனர்" என்று பொருள் கொண்டு, பிப்ரவரியில் அவரது மந்திரி சபை கலைக்கப்பட்டது. மே மாதத்தில் சட்டசபைத் தேர்தல் வைத்தார்கள். அதே மக்கள் அவரையே மீண்டும் கோட்டைக்கு அனுப்பினர். 234 இடங்களில் அவரது கட்சிக்கு மட்டும் 129. இரு தேர்தலுக்கும் இடையே ஐந்து மாதங்கூட நிரம்பவில்லை. ஜனவரியில் "தில்லிக்கு இந்திரா" என்று கூறியவர்கள், மே மாதத்தில் "சென்னைக்கு எம்.ஜி.ஆர்." என்று கூறினார்கள், அவ்வளவே. 1989இல் இது தலைகீழாக நடந்தது. ஜனவரியில் கருணாநிதியை முதலமைச்சராக்கிய வாக்காளர், நவம்பரில் தி.மு.க.வுக்குப் பாராளுமன்றத்தில் ஓரிடமும் கொடுக்கவில்லை. கர்நாடகத்திலும் 1984 டிசம்பரில் காங்கிரசுக்கு 28இல் 24 பாராளுமன்ற இடங்களை வாரி வழங்கியவர்கள், 1985 மார்ச்சில் ராமகிருஷ்ண ஹெக்டேயின் ஜனதா கட்சியை மாநில ஆட்சியில் அமர்த்தினர்.

ஒரு தேர்தலின் முடிவை மற்றொரு தேர்தலின் தீர்ப்பாகப் படிப்பது அரசியல் தலைவர்களுக்குள்ள பழைய நோய். அந்நோயினால் ஒரு மந்திரி சபையே பறிபோயிற்று என்பதை எண்ணும்பொழுது, இது வெறும் புள்ளிவிவர விளையாட்டன்று என்பது விளங்கும்.

மாநிலத்துக்கும் நாட்டுக்கும் இடையே உள்ள இவ்வேற்றுமை, நாட்டுக்கும் நாடுகள் கடந்த மன்றத்துக்கும் இடையிலும் தோன்றுமா? தோன்றும். ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடி அமைத்துக்கொண்ட ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு 1979ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மக்கள் நேரடியாக வாக்களிக்கத் தொடங்கினர். மறு ஆண்டே ரைஃப், ஷ்மிட் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் ஒரு கருத்தை வெளியிட்டனர். ஆட்சியமைக்கும் தேர்தல் முதல் தரம். ஆட்சியமைக்காத தேர்தல் இரண்டாம் தரம். இரண்டாம் தரத்தில் வாக்களிக்க வருவோர் குறைவர். ஆளுங் கட்சி அடிபடும். சிறு கட்சிகள் தழைக்கும். இழப்பதற்கு ஒன்றுமில்லையென்று கருதும் வாக்காளர், உள்ளத்தில் உள்ளதை அச்சமின்றிக் கொட்டுகிறார், அல்லது சொந்த நாட்டு அரசுக்கு ஒரு குட்டு வைக்கிறார் என்பது அவர்கள் வாதம்.

பிரிட்டனில் குடியேறிய நம் பிள்ளைகள் பலர் இதனைக் கண்ணாரக் கண்டிருப்பர். அந்நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்த காலத்தில், அங்கு வாழ்ந்த காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களுக்கும் அத்தேர்தலில் வாக்குரிமை இருந்தது. 2014இல் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலில், ஒன்றியத்தை விட்டே விலகவேண்டுமென்ற ஐக்கிய இராச்சிய சுதந்திரக் கட்சி அங்கு முதலிடம் பெற்று 24 உறுப்பினரை அனுப்பியது. மறு ஆண்டு தம் நாட்டுப் பாராளுமன்றத்துக்கு வாக்களிக்கும்பொழுது, 38 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதே கட்சிக்கு வாக்களித்தும் கிடைத்தது ஒரே ஓர் இடம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐரோப்பியத் தேர்தலில் கட்சி பெறும் வாக்கின் விகிதப்படி இடங்கள் பகிரப்பட்டன. பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்கோ தொகுதிக்கு ஒருவர், அதிக வாக்குப் பெற்றவரே உறுப்பினர். சட்டம் மாறினால் மனமும் மாறும். எந்த வாக்கு வீணாகும், எது வீணாகாது என்று மக்கள் கணக்குப் பார்க்கிறார்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமையுடைய புதுச்சேரித் தமிழர்க்கு இது இன்னும் அண்மைச் செய்தி. 2024 ஜூன் 9ஆம் நாள் ஐரோப்பியத் தேர்தலில் பிரான்சில் தேசியப் பேரணிக் கட்சி நூற்றுக்கு 31 பங்குக்கு மேல் வாக்குப் பெற்று முதலாவதாக வந்தது. அதிபர் மக்ரோன் அன்றிரவே நாட்டின் சட்டமன்றத்தைக் கலைத்தார். நான்கு வாரங்கழித்து, ஜூலை 7இல், இரண்டாம் சுற்று முடிந்தபொழுது அக்கட்சியும் அதன் துணைவர்களும் இடக்கணக்கில் மூன்றாவதாக நின்றனர். ஆயினும் முதற் சுற்றில் அவர்களே முன்னணியில் இருந்தார்கள் என்பதையும் கூறியாகவேண்டும். மக்கள் மனம் நான்கு வாரத்தில் தலைகீழாயிற்று என்பது உண்மையன்று. இரண்டாம் சுற்றில் மற்றக் கட்சிகள் தம் வேட்பாளர் பலரை விலக்கிக்கொண்டு எதிர்வாக்கை ஒன்று சேர்த்தன. ஐரோப்பியத் தேர்தலுக்கு நூற்றுக்கு ஐம்பத்தொருவர் அளவில் வந்த அந்நாட்டார், தம் நாட்டுத் தேர்தலுக்கு அறுபத்தாறுக்கு மேல் திரண்டார்கள் என்பதும் நினைவிற்குரியது.

சரி, நம் ஊருக்குத் திரும்புவோம். இங்கே மாநகராட்சி வார்டாயினும், சட்டசபையாயினும், பாராளுமன்றமாயினும் முறை ஒன்றே. அதிக வாக்குப் பெற்றவர் வென்றவர். ஆகவே இங்குக் காணும் வேற்றுமைக்குத் தேர்தல் முறையைக் காரணங்காட்ட வழியில்லை. வாக்காளர் உள்ளத்தில்தான் தேடவேண்டும். அன்றியும், கேரளத்தில் எத்தேர்தல் முதல் தரம், எது இரண்டாம் தரம் என்று பிரிப்பதும் எளிதன்று. 2019 பாராளுமன்றத் தேர்தலில் மாநிலம் முழுவதும் நூற்றுக்கு 77 பேர் வாக்களித்தனர். 2020 ஊராட்சி, நகராட்சித் தேர்தல்களில் ஏறத்தாழ 76. 2024இல் 71க்குச் சற்று மேல். 2025 உள்ளாட்சித் தேர்தலில் 73க்கு மேல். பஞ்சாயத்துத் தேர்தலைப் பாராளுமன்றத் தேர்தலுக்கு இளைத்ததாகக் கேரளத்தார் கருதவில்லை. ஐரோப்பிய ஆராய்ச்சியாளரின் அளவுகோல் இங்கே முறிந்துபோகிறது.

ஆனால் திருவனந்தபுரம் மாநகராட்சி மட்டும் விதிவிலக்கு! 2020லும் 2025லும் இந்நகரின் வாக்குப் பதிவு அறுபதுக்குள்ளேயே நின்றுவிட்டது. கிராமத்தார் விழித்துக்கொண்டிருக்க நகரத்தார் உறங்குகின்றனர். இவ்வுறக்கத்தில் நம் தமிழ்க் குடும்பங்களுக்குள்ள பங்கு எவ்வளவு என்று அளப்பதற்குக் கருவியில்லை. சிறிதென்று சொல்ல நமக்குத் துணிவுமில்லை.

மாநகராட்சி வாக்கு அற்பமானதா? ஆமயிழஞ்சான் தோட்டினைக் கேளுங்கள். நம் கடைவீதிக்குச் சற்றே அப்பால் தம்பானூரைக் கடந்து வரும் அந்த நீரோடை, இரயில் நிலையத்தின் அடியில் குகைபோன்ற வழியில் ஓடுகிறது. 2024 ஜூலை 13ஆம் நாள் அவ்விடத்தில் குப்பை அகற்ற இறங்கிய தொழிலாளர் ஒருவர் வெள்ளத்தில் சிக்கி மறைந்தார்; இரண்டு நாட்களுக்குப் பின்னரே உடல் கிடைத்தது. உடனே வழக்கு எழுந்தது, குற்றம் எவருடையது என்று. இரயில்வே மாநகராட்சியைச் சுட்டிற்று. மாநகராட்சி இரயில்வேயைச் சுட்டிற்று. மாநில நீர்ப்பாசனத் துறையின் பெயரும் நடுவே அடிபட்டது. அன்று மத்தியில் ஒரு கட்சி. மாநிலத்திலும் நகரத்திலும் மற்றொரு கட்சி. இத்தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரோ மூன்றாவது கட்சி. ஒரே ஓடையின் மீது மூன்று ஆட்சிகள் ஓடின. எந்த வாக்கினால் இந்த ஓடையைச் சுத்தம் செய்வது? மூன்றினாலுந்தான். மூன்று பேரையும் தனித்தனியே, அவரவர்க்குரிய பங்கைச் சுட்டிக் கேட்கத் தெரிந்த வாக்காளர் இருந்தாலன்றி அவர்கள் ஒருவரை ஒருவர் காட்டிக்கொண்டே காலங்கழிப்பர்.

வணிகப் பெருமக்களுக்கு வேறோர் உதாரணம். கடை லைசென்சும் தொழில் வரியும் மாநகராட்சியின் பாற்பட்டவை. கடையிலேறும் மின்சாரம் மாநிலத்தின் பாற்பட்டது. 2017 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள சரக்கு சேவை வரியோ தில்லியின் தலையிலேயே சுமத்தப்படுகிறது. உண்மையில் அவ்வரி விகிதத்தை ஆராயும் மன்றத்தில் மத்திய நிதியமைச்சரோடு எல்லா மாநில அமைச்சர்களும் அமர்கின்றனர். மத்திய அரசின் வாக்குக்கு மூன்றிலொரு பங்கு மதிப்பு. மாநிலங்கள் அனைத்துக்குமாக மூன்றில் இரண்டு பங்கு. முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு வேண்டும். ஆதலின் வரி உயர்ந்தாலும் தாழ்ந்தாலும், பாராளுமன்ற உறுப்பினரை மட்டும் கேட்டுவிட்டுச் சட்டசபை உறுப்பினரைச் சும்மா விடுவது பாதிக் கணக்கு.

நபரைப் பார்த்து வாக்களிப்பதா, கட்சியைப் பார்த்தா என்ற கேள்விக்கும் இத்தொகுதி ஒரு சுவையான விடையை வைத்திருக்கிறது. 1952இல் திருவனந்தபுரம் தில்லிக்கு அனுப்பியவர் ஆனி மஸ்கரீன் அம்மையார், சுயேச்சை. 1957இல் ஈசுவர ஐயர்; அவரும் சுயேச்சை. 1962இல் பி. எஸ். நடராஜ பிள்ளை, மீண்டும் சுயேச்சை. இப்பெரியார் மனோன்மணீயம் இயற்றிய சுந்தரம் பிள்ளையவர்களின் திருக்குமாரர் என்பதும், திருவிதாங்கூர்-கொச்சி நிதியமைச்சராயிருந்தவர் என்பதும் தமிழராகிய நாம் மறக்கத்தகாதவை. 1967இல்தான் ஒரு கட்சிக்காரர், சோஷலிஸ்டுக் கட்சியின் விசுவம்பரன், வந்தார். 1971இல் இடதுசாரிகளின் ஆதரவுடன் வி. கே. கிருஷ்ண மேனன் வென்றார், சுயேச்சையே. முதல் ஆறு வெற்றியாளரைப் பார்க்கலாமென்று எண்ணி ஐந்தோடு நிறுத்திக்கொண்டோம். ஏனெனில் 1977 முதல் கட்சிகள் பிடியை இறுக்கிவிட்டன. ஐக்கிய நாடுகள் சபையில் முழங்கிய மேனனையும், அதே சபையில் துணைப் பொதுச் செயலாளராயிருந்த தரூரையும் ஒரே ஊர் தேர்ந்தெடுத்தது தற்செயலாகத் தோன்றவில்லை. தில்லிக்கு அனுப்புகின்றவர் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து பேசுகின்றவராயிருக்க வேண்டுமென்று இவ்வூரார் கருதுகின்றனர் போலும். வார்டுக்கோ, "அண்ணாச்சி, உங்கள் தெருவிளக்கு எரிகிறதா?" என்று கேட்டுக்கொண்டு கடைப்படி ஏறுகின்றவர் போதும்.

வார்டுக்கு முகம், மேலே போகப் போகக் கொடி என்பதை மூணாற்றுத் தமிழ்ப் பெண்களின் வரலாறு தெளிவாக்கும். 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே வீதியில் அமர்ந்து போனசுக்காகவும் கூலிக்காகவும் போராடினர். 'பெண்கள் ஒற்றுமை' என்னும் பொருளில் பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்றனர். இரண்டு மாதங்கழித்து வந்த உள்ளாட்சித் தேர்தலில் அவர்களுட் சிலர் நின்று வெற்றியும் பெற்றனர். மறு ஆண்டு தேவிகுளம் சட்டசபைத் தொகுதியில் அவர்கள் நிறுத்திய வேட்பாளருக்கு வைப்புத்தொகையும் மிஞ்சவில்லை. அதே லயத்து வீடுகள், அதே கைகள்! உடன் கொழுந்து பறிப்பவளை வார்டுக்கு நம்பலாம். மாநில ஆட்சியென்று வந்ததும், ஆட்சியமைக்கவல்ல பெரிய கொடிகளிடமே அக்கைகள் திரும்பிச் சென்றன. இதில் வருந்துவதற்கு இடமுண்டு என்று நாம் கருதுகிறோம். அப்பெண்கள் எழுப்பிய கூலிக் கேள்வி வார்டில் தீர்க்கக்கூடியதன்று. மாநில அரசும் தோட்ட முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் அமரும் குழுவில்தான் அது தீரவேண்டும். எங்கே அவர்களுக்குக் குரல் தேவையோ அங்கே கிட்டவில்லை.

மொழியே கட்சியாகி நின்ற காலமும் ஒன்றுண்டு. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தென் தாலுகாக்களின் தமிழர் வாக்கைத் திரட்டி, 1952இல் திருவிதாங்கூர்-கொச்சிச் சட்டசபையில் எட்டு இடங்களையும், 1954இல் பன்னிரண்டு இடங்களையும் பெற்றது. நாகர்கோவில் பாராளுமன்றத் தொகுதியில் 1952இல் நேசமணி அவர்களும் அக்கட்சியின் பெயராலேயே வென்றார். மாநிலத்துக்கு ஒன்று, தில்லிக்கு ஒன்று என்று அவ்வாக்காளர் பிரித்துப் பார்க்கவில்லை. காரணம் வெளிப்படை. அவர்கள் கேட்டது எல்லை மாற்றம். எல்லையை மாற்றும் அதிகாரம் தில்லிப் பாராளுமன்றத்துக்கு, அதனை எழுப்பும் மேடை இங்குள்ள சட்டசபைக்கு. இரண்டிலும் ஒரே குரல் தேவைப்பட்டது. எட்டுப் பேரேயாயினும், 1953இல் அவர்கள் ஆதரவை விலக்கிக்கொண்டதும் ஏ. ஜே. ஜான் மந்திரி சபை கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டையும் தமிழகத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளம், பீருமேடும் கேரளத்திலேயே நின்றன. ஆரியசாலையிலும் சாலைத் தெருவிலும் கடை வைத்திருந்த தமிழரும் நின்றார்கள், தமக்கெனக் கட்சி எதுவுமின்றி. அன்று முதல் நாம் பிறர் கட்சிகளுள் தேர்ந்தெடுப்பவர்களானோம்.

எல்லாத் தேர்தலையும் ஒரே காலத்தில் நடத்தினால் இக்குழப்பம் தீருமென்று கூறுவோர் உண்டு. 2024 டிசம்பரில் அதற்குரிய அரசியலமைப்புத் திருத்த மசோதா பாராளுமன்றத்தில் வைக்கப்பட்டு, கூட்டுக் குழுவின் ஆராய்ச்சிக்கு அனுப்பப்பட்டது. 1977இல் கேரளத்தில் இரு தேர்தலும் ஒன்றாக நடந்தபொழுது, ஒரே அணி பாராளுமன்றத்தின் 20 இடங்களையும் சட்டசபையில் 111 இடங்களையும் அள்ளிக்கொண்டது. ஒன்றாக நடந்தால் ஒரே அலை வீசும் என்பதற்கு இது சான்றாகக் காட்டப்படும். 2019இல் ஒடிசாவில் நடந்ததோ வேறு. ஒரே சாவடியில், ஒரே நாளில், சட்டசபையில் பிஜு ஜனதா தளத்துக்கு 112 இடங்களை வழங்கிய வாக்காளர், பாராளுமன்றத்தின் 21 இடங்களில் எட்டைப் பாரதிய ஜனதாக் கட்சிக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இயந்திரம் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் வாக்காளர் குழம்பிவிடுவார் என்று நினைப்பது அவரைக் குறைவாக மதிப்பதாகும். ஆனால் ஒன்று. வார்டுத் தேர்தலை மற்றப் பெரிய தேர்தல்களின் ஆரவாரத்துக்கு நெருக்கமாக வைத்துவிட்டால், தெருவிளக்கைப் பற்றிய பேச்சு எவர் காதிலும் விழாது என்ற அச்சம் நமக்குண்டு.

இனி, நம் குடும்பங்களுக்கு நெருங்கிய ஒரு செய்தி. நம்முள் பலர் இங்கே முப்பது நாற்பது ஆண்டு குடியிருந்தும், வாக்கை மட்டும் திருநெல்வேலிச் சீமையிலோ நாஞ்சில் நாட்டிலோ பிறந்த ஊரில் வைத்திருக்கின்றனர். "பெயரை எடுத்துவிட்டால் ஊரோடு தொடர்பே அற்றுவிடும்" என்று மூத்தவர்கள் கூறும் காரணத்தை நாம் எள்ளவில்லை. வீட்டுப் பத்திரத்தைவிட வாக்காளர் பட்டியலில் உள்ள பெயரே பிறந்த மண்ணின் சாட்சியாக அவர்களுக்குத் தோன்றுகிறது. ஆனால் சட்டம் உணர்ச்சியைப் பாராது. 1950ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி ஒருவர் ஒரு தொகுதிக்கு மேல் பதிவாகக் கூடாது. 20ஆம் பிரிவின்படி, ஊரில் சொந்த வீடு இருப்பதொன்றினாலேயே ஒருவர் அவ்வூரில் வழக்கமாகக் குடியிருப்பவராகிவிட மாட்டார். பொய்யான உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறைத்தண்டனையும் உண்டு. 2025 அக்டோபர் 27இல் தேர்தல் ஆணையம் அறிவித்த தீவிரத் திருத்தம் கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒரே காலத்தில் தழுவியபொழுது, இங்கும் படிவம், அங்கும் படிவமென்று கையில் வைத்துக்கொண்டு எங்கே கையெழுத்திடுவதென்று திகைத்த குடும்பங்கள் பல. தந்தையாரின் பெயர் இருபதாண்டுக்கு முந்திய பட்டியலில் எவ்வூரில் இருந்தது என்று தேடவேண்டியும் வந்தது.

எவ்வூரைத் தேர்வது? ஒரே வாக்கு, ஒரே ஊர் என்றால், எந்த ஆட்சி நம் வாழ்வை அதிகம் தொடுகிறதோ அவ்வூரையே தேர்வது முறை. பிள்ளைகளின் பள்ளி இங்கே, கடை இங்கே, மழை பெய்தால் கிள்ளியாறு ஏறி வருவதும் இங்கேதான். ஊரில் நடக்கும் கொடைக்கும் திருமணத்துக்கும் செல்ல வாக்காளர் அட்டை தேவையில்லை. பாராளுமன்றத்தைப் பொறுத்தமட்டில் எவ்வூரில் வாக்களித்தாலும் போய்ச் சேருமிடம் ஒன்றே. சட்டசபைக்கும் மாநகராட்சிக்கும் அப்படியன்று. அங்கே வாக்களித்து இங்கே வாழ்கின்றவர், மூன்றில் இரண்டு வாக்கைத் தம் வாழ்வுக்குத் தொடர்பில்லாத இடத்தில் போடுகிறார். கடன் கொடுத்த ஊர் ஒன்று, வட்டி கேட்கும் ஊர் வேறொன்று என்றால் எந்த வணிகர் ஒப்புவார்?

பெயர் இங்கே இருக்கிறதென்று மகிழ்ந்திருப்போரும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பட்டியல் ஒன்றன்று, இரண்டு. பாராளுமன்றத்துக்கும் சட்டசபைக்கும் உரிய பட்டியலை இந்தியத் தேர்தல் ஆணையம் வைத்திருக்கிறது. மாநகராட்சிக்குரிய பட்டியலைக் கேரள மாநிலத் தேர்தல் ஆணையம் தனியே தயாரிக்கிறது. ஒன்றில் இருக்கும் பெயர் மற்றொன்றில் தானாகவே ஏறிவிடாது. தில்லிக்கு வாக்களித்தவர் வார்டுச் சாவடியில் பெயரின்றித் திரும்ப நேர்வது இதனாலேயே. வயதுக் கணக்கிலும் வேற்றுமையுண்டு. இந்தியத் தேர்தல் ஆணையத்தின் பட்டியலுக்கு ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் ஆகிய நான்கு மாதங்களின் முதல் நாளும் கணக்கு நாட்கள். 2025 டிசம்பர் உள்ளாட்சித் தேர்தலுக்கோ அவ்வாண்டு ஜனவரி முதல் நாளன்று பதினெட்டு நிரம்பியிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் பதினெட்டை எட்டிய நம் வீட்டுப் பெண்ணொருத்தி சட்டசபைப் பட்டியலில் சேர்ந்துவிட்டாள். வார்டுப் பட்டியலில் அவளுக்கு இடமில்லை. அவளது பெயரை அதிலும் எழுதவேண்டிய பொறுப்பு, அடுத்த பட்டியல் திருத்தத்தின்போது அவள் தந்தையுடையது.